விளக்கு யார் கையில்?



பொருநையாறு தன் நெடும்பயணத்தை முடித்துக்கொண்டு புன்னைக்காயலில் கடலோடு கலக்குமுன், கடைசியாக ஒருமுறை கரையெல்லாம் பசுமை கொழிக்கச் செய்துவிட்டுப் போகும் ஊர் ஆத்தூர். சேலத்து ஆத்தூரைச் சொல்லவில்லை. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையிலே, முக்காணியைத் தாண்டி, ஆற்றைக் கடந்ததும் கொடிக்கால் வாசம் கைநீட்டி வரவேற்கிறதே, அந்த ஆத்தூர்! அதன் வெற்றிலைக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயரை உலகம் அறிந்தது என்று பூரித்தோம். பூரிக்க வேண்டியதுதான்.

ஆனால், அந்த வெற்றிலையைக் கிள்ளும் கைகளும், அவ்வட்டாரத்து உப்பளங்களிலே உப்பு வாரும் கைகளும், பொழுது விடிந்து, காப்பி குடித்து, நாளேடு படித்துவிட்டுப் புறப்படும் கைகள் அல்ல. கதிரவன் ஏறிவிட்டால் உப்பளம் கொதிக்கும். ஆகவே, கோழி கூவுமுன்னே, தூக்குச்சட்டியைக் கையிலேந்தித் தெருவில் இறங்குகிறாள் ஏழைத்தாய் ஒருத்தி. அவள் நடக்கும் தெருவிலே விளக்கு எரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இருளிலே எவனோ பின்தொடர்கிறான். கழுத்துச் சங்கிலியா, மானமா, எதற்கு ஆபத்து என்று எண்ணிப் பார்க்கவும் நேரமில்லை. ஓடுகிறாள். அன்று தப்பித்துவிட்டாள். மறுநாள் முறையிடப் புறப்படுகிறாள்.

நாடகம் எழுதிப் பழகிய கை இது. இனி வருவதை ஓரங்க நாடகமாகவே எழுதிவிடுகிறேன். எந்த ஊர் மேடையிலும் நடிக்கலாம். வேடம் கட்ட ஆள் தேட வேண்டியதில்லை.

காவல் நிலையம்: "விளக்கு எரியாததற்கு நாங்கள் என்னம்மா செய்வது? பேரூராட்சியிலே போய்ச் சொல்லு!"

பேரூராட்சி: "பல்பு எங்களுடையதுதான். கம்பத்திலே மின்சாரம் வரவில்லையே! மின்வாரியத்தைக் கேளு!"

மின்வாரியம்: "கம்பம் எங்களுடையது, மின்சாரமும் வருகிறது. பழுது விளக்கிலே! பேரூராட்சிக்குப் போ!"

உறுப்பினர்: "திருட்டுப் பயம் என்றால் அது போலீஸ் வேலை. எனக்கு அதிலே அதிகாரம் ஏது, தாயே?"

கம்பம் ஒருவருடையது, விளக்கு இன்னொருவருடையது, சட்டம் ஒழுங்கு மற்றொருவருடையது. இருட்டு மட்டும் அந்த ஏழைத்தாயினுடையது!

சிரிக்கிறீர்கள். நானும் எழுதும்போது சிரித்தேன். ஆனால், நால்வரும் சொன்னது பொய்யென்று ஒதுக்கிவிட முடியாது, தோழர்களே. அங்கேதான் இருக்கிறது சிக்கல்.

இந்திய அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையைப் புரட்டிப் பாருங்கள். போலீசு என்பது மாநிலப் பட்டியலிலே இருக்கிறது. நகராட்சிகளுக்கு அரசியல் சட்டத் தகுதி தந்த 74ஆவது திருத்தம், பன்னிரண்டாவது அட்டவணையிலே 18 பணிகளை வரிசைப்படுத்திற்று. குடிநீர் உண்டு, சாலை உண்டு, சேரி மேம்பாடு உண்டு, பூங்கா உண்டு, விளையாட்டுத் திடல் உண்டு, தெருவிளக்கு உண்டு, பேருந்து நிறுத்தம் உண்டு, சுடுகாடும் உண்டு! காவல் மட்டும் இல்லை. 1866இல் நகராட்சியாகி 2008இல் மாநகராட்சியான தூத்துக்குடியின் மேயருக்கும் ஒரு காவலரை ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்கு மாற்றி நிறுத்தும் அதிகாரம் கிடையாது. டாஸ்மாக் கடை எந்தத் தெருவில் அமைய வேண்டும் என்பதையும் நகரமன்றம் முடிவு செய்வதில்லை. கடை வந்த பிறகு உடைந்து கிடக்கும் பாட்டிலைப் பொறுக்கும் பொறுப்பு மட்டும் நகரமன்றத்தின் துப்புரவுத் தொழிலாளிக்கு!

எப்போதும் இப்படித்தானா என்றால், இல்லை. வெள்ளையர் ஆட்சியின் தொடக்கக் காலத்திலே, ஊரார் கட்டிய வரிப்பணத்திலிருந்து நகராட்சிகள் காவற்படைக்கும் பணம் கொடுத்தன. அச்சுமையை நகராட்சிகளின் தோளிலிருந்து இறக்க வேண்டுமென்று 1882ஆம் ஆண்டின் ரிப்பன் தீர்மானம் கூறிற்று. பணம் கொடுத்த காலத்திலாவது, 'என் பணத்தில் வாழும் காவலரே, கணக்கு சொல்லும்' என்று கேட்க நகரமன்றத்தால் முடிந்ததா? முடியவில்லை. பணம் ஊராருடையது, படை துரையினுடையது.

அதற்கோர் உச்சக்கட்டமும் நம் மண்ணிலேயே நடந்தது. 1908 மார்ச் 12ஆம் நாள் வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் சிறைப்படுத்தப்பட்டனர். மறுநாள் நெல்லை கொதித்தெழுந்தது. நகராட்சியின் எண்ணெய்க் கிடங்கு பற்றி எரிந்தது. தெருவிளக்குக்கான மண்ணெண்ணெய் ஊரையே வெளிச்சமாக்கிய நாள் அது! துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் மடிந்தன. அதன்பின் ஆங்கில அரசு என்ன செய்தது? தண்டக் காவற்படையைக் கொண்டுவந்து குவித்து, அதன் செலவை ஊர் மக்களின் தலையிலேயே வரியாகக் கட்டிற்று. அத்தகைய வரிக்குத் தமிழ் மக்கள் வைத்த பெயர் 'திமிர்வரி'. பெயர் வைப்பதிலே நம்மவரை யார் வெல்ல முடியும்!

ஆக, காவல் என்றாலே ஊருக்கு மேலிருந்து ஊர்மீது இறக்கப்படுவது என்ற எண்ணம் நம் எலும்பிலே ஊறிவிட்டது. அந்த ஊறலிலிருந்து இரண்டு நோய்கள் பிறந்தன. ஒன்று, 'எனக்கென்ன' என்னும் நகரமன்ற நோய். மற்றொன்று, அதைவிடக் கொடியது. 'சுட்டுத் தள்ளு, அப்போதுதான் அடங்குவான்' என்னும் நோய்!

தேநீர்க்கடையிலே கேட்கிறோம் அந்தக் குரலை. பேருந்திலே கேட்கிறோம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நம் கூட்டங்களிலே கைதட்டல் வாங்குவதற்காகச் சில நாவலர்களும் பேசக் கேட்டிருக்கிறேன். ஒரு கொலை நடந்துவிட்டால் போதும். கையை உடை, காலை உடை, வழக்கு எதற்கு, வக்கீல் எதற்கு! மாவுக்கட்டு போட்ட கையோடு நிற்கும் இளைஞனின் படத்தைக் கைப்பேசியிலே ஒருவருக்கொருவர் அனுப்பி மகிழும் காலம் இது.

அப்படி மகிழ்வோரை நான் கொற்கைக்கு அழைக்கிறேன். ஆத்தூரிலிருந்து சில கல் தொலைவுதான். முத்துக் குவிந்த பாண்டியத் துறைமுகம், இன்று கடலும் விலகிப்போன சிற்றூர். சிலப்பதிகாரம் நாமறிந்த கதை. பொற்கொல்லன் ஒருவன் பொய் சொன்னான், பாண்டியன் ஆராயாமல் ஆணையிட்டான், கோவலன் வெட்டுண்டான். குற்றஞ்சாட்டப்பட்டவனைக் கேட்காமல் கொன்ற அந்தத் தீர்ப்புக்காக ஒரு மாநகரே எரிந்தது என்கிறார் இளங்கோ. மேடைதோறும் முழங்கியிருக்கிறோம்.

ஆனால், அதற்குப் பின் நடந்ததாகச் சொல்லப்படுவதை நாம் மேடையேற்றுவதில்லை. அக்காப்பியத்தின் முகப்பிலே உள்ள உரைபெறு கட்டுரை சொல்கிறது: கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன், கண்ணகியின் சினம் தணிக்க, பொற்கொல்லர் ஆயிரவரைக் கொன்று வேள்வி செய்தானாம்! கதையோ, வரலாறோ, அதை ஆய்ந்து சொல்லப் புலவர்கள் இருக்கிறார்கள். நான் கேட்பது இது. பொய் சொன்னவன் ஒருவன். மாண்டவர் ஆயிரவர். அந்த ஆயிரவரில் எத்தனை பேர் கோவலனைக் கண்ணாலேனும் கண்டிருப்பார்கள்? ஒரு தனி மனிதனின் குற்றத்தை ஒரு குலத்தின் குற்றமாக்கி, விசாரணையின்றிச் செய்த கொலைக்கு விசாரணையில்லாத ஆயிரம் கொலைகளைப் பரிகாரமாக்கிய அந்தக் கொற்கை நியாயம் கொற்கையோடு மண்ணில் புதைந்துவிட்டதா?

புதையவில்லை, தோழர்களே! 1871ஆம் ஆண்டிலே அது ஆங்கிலச் சட்டமாக மறுபிறவி எடுத்தது. பெயர், குற்றப் பரம்பரைச் சட்டம். 1911க்குப் பின் சென்னை மாகாணத்திலும் கால் வைத்தது. பிறந்த குழந்தையும் பிறப்பாலேயே குற்றவாளி! வளர்ந்த ஆண்மகன் கைரேகையைப் பதிந்துவிட்டு, இரவிலே தன் வீட்டில் மனைவி மக்களோடு படுக்க உரிமையின்றிக் காவலர் கண்ணெதிரே படுத்துறங்க வேண்டும். எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரிலே 1920 ஏப்ரல் 3ஆம் நாள் குருதி ஓடிற்று. 1947இல்தான் சென்னை மாகாணம் அச்சட்டத்தைக் கிழித்தெறிந்தது. சட்டம் போயிற்று, 'அந்தத் தெருப் பயல்களா? அப்படித்தான் இருப்பார்கள்!' என்று பேசும் நாக்கு போகவில்லை. அந்த நாக்கு காவல் நிலையத்தில் மட்டும் இருப்பதாக எண்ணாதீர்கள்.

இனி நம் மாவட்டத்துக்கே வருகிறேன். 2018 மே 22ஆம் நாளைத் தூத்துக்குடி மறக்குமா? காற்றையும் நீரையும் காக்க வேண்டுமென்று ஆலையை எதிர்த்துப் புறப்பட்ட மக்கள்மீது குண்டு பாய்ந்தது. 13 உயிர்கள் போயின. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 2022இல் தந்த அறிக்கை, அந்தத் துப்பாக்கிச் சூடு தேவையற்றது என்பதை எடுத்துக்காட்டி, பொறுப்பான அதிகாரிகள்மீது நடவடிக்கை கோரிற்று. அந்த நாளிலே 'பொது அமைதி' என்ற சொல்லுக்கு என்ன பொருள்? யாருடைய அமைதி?

அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, சாத்தான்குளம். 2020 ஜூன் 19. ஊரடங்குக் காலம். கடையைக் குறித்த நேரத்தில் மூடவில்லை என்பதே குற்றச்சாட்டு. தந்தையும் மகனும் காவல் நிலையம் போனார்கள். இரவெல்லாம் அடி. கோவில்பட்டிக் கிளைச்சிறை. 22ஆம் நாள் மகன் மாண்டான். அடுத்த நாள் விடியுமுன் தந்தை மாண்டார். கைப்பேசிக் கடை நடத்தி அமைதியாகப் பிழைத்த குடும்பத்திலே இரண்டு பாடைகள்! உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட்டது. காவல் நிலையத்தையே வருவாய்த்துறை அதிகாரிகளின் பொறுப்பில் வைக்குமாறு ஆணையிட்டது. காவல் நிலையத்தைக் காவல்காக்க வேறொருவரைத் தேட வேண்டிய நிலை, எண்ணிப் பாருங்கள்!

அங்கே விசாரணைக்குச் சென்ற நீதித்துறை நடுவர், உயர்நீதிமன்றத்துக்கு அனுப்பிய அறிக்கையிலே ஒரு செய்தி இருந்தது. அந்நிலையத்திலே காமிரா இருந்தது. பதிவைச் சேர்த்து வைக்கப் போதுமான இடமும் கருவியிலே இருந்தது. ஆனால், நாள்தோறும் பதிவு தானாகவே அழிந்துவிடும்படி அமைக்கப்பட்டிருந்தது! இந்த ஒரு செய்தியை நான் எத்தனை மேடையில் சொன்னாலும் போதாதென்று எண்ணுகிறேன். காரணம், இன்று நகரமன்றங்கள் 'பாதுகாப்பு' என்றதும் முதலில் நீட்டும் கை காமிராவை நோக்கியே நீள்கிறது. மூலைக்கொரு காமிரா, நன்கொடையாளர் பெயர் பொறித்த பலகை, நாடா வெட்ட ஒரு பெரியவர். காமிரா வேண்டாம் என்று சொல்பவன் அல்லன் நான். திருடனைப் பிடிக்க அது உதவியிருக்கிறது. ஆனால், தெருவில் போகும் குடிமகனை மறவாமல் நினைவு வைத்து, நிலையத்துக்குள் போன குடிமகனை அன்றன்றே மறந்துவிடும் காமிரா யாருக்குக் காவல்? காவல் நிலையங்களின் உள்ளும் புறமும் காமிரா பொருத்திப் பதிவைப் பாதுகாக்க வேண்டுமென 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. அது எங்கே நிறைவேறியது, எங்கே நிறைவேறவில்லை என்று கேட்டுத் தீர்மானம் போட்ட நகரமன்றம் எத்தனை?

நாட்டின் கதவைப் பெரிய குற்றம் எந்தக் கோலத்தில் தட்டுகிறது என்பதற்கும் நம் துறைமுகமே சான்று. 2021 ஏப்ரலில் வ.உ.சி. துறைமுகத்திலே, கப்பலில் வந்த பெட்டகத்துக்குள் 300 கிலோவுக்கு மேற்பட்ட கொக்கைன் பிடிபட்டது. தெருமுனையில் நின்று பொட்டலம் விற்கும் பையனின் கையை முறித்தால் அந்தப் பெட்டகத்தின் சொந்தக்காரனுக்கு வலிக்குமா?

'குறை சொல்லிவிட்டாய், வழி சொல்' என்கிறீர்கள். சொல்கிறேன். புதுமை எதுவுமில்லை, செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

கொலைக்காட்சி எழுதும் நாடக ஆசிரியன், வில்லனை உள்ளே விடுமுன் முதலில் செய்வது விளக்கை மங்கவைப்பதுதான். வில்லனுக்கு வாள் தருவது அதற்குப் பின்! இது மேடைத் தந்திரம் மட்டுமன்று. 2016ஆம் ஆண்டிலே நியூயார்க் மாநகரின் அரசுக் குடியிருப்புகளிலே ஒரு சோதனை செய்தார்கள். குலுக்கல் முறையில் சில வளாகங்களைத் தேர்ந்து, அங்கே மட்டும் பேரொளி விளக்குகளை நிறுத்தினார்கள். விளக்கு நின்ற இடங்களிலே, இரவு நேரத்தில், வெளியிடங்களில் நடக்கும் கடுங்குற்றங்கள் ஏறத்தாழ 36 விழுக்காடு குறைந்தன என்று கண்டார்கள். யாருடைய கையும் உடையவில்லை!

அதே நகரம் அதற்கு முன் வேறொரு வழியிலே போய்ப் பார்த்தது. தெருவில் நடப்பவரை நிறுத்து, தடவிச் சோதி என்பது அந்த வழி. 2011ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் 6,85,000க்கும் மேற்பட்ட நிறுத்தங்கள்! நிறுத்தப்பட்டோரிலே பத்துக்கு ஒன்பது பேர் அளவில் குற்றமற்றவர்களாக அனுப்பப்பட்டனர். பெரும்பாலோர் கறுப்பின மக்களும் இலத்தீன் மக்களும். நிறம் பார்த்து நிறுத்துவது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று 2013 ஆகஸ்டில் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கம் பெருமளவு சுருங்கிய பிறகு, அஞ்சியதுபோல் குற்றம் பெருகவில்லை. கொற்கை நியாயம் கடல் கடந்தாலும் கொற்கை நியாயமே.

கொலம்பியா நாட்டின் மெடலின் நகரையும் பாருங்கள். 1991இல் ஒரு லட்சம் பேருக்கு 350க்கும் மேற்பட்ட கொலைகள் நடந்த நரகம் அது. 2004இல் கணிதப் பேராசிரியரான செர்கியோ ஃபஹார்தோ மேயரானார். மலைச்சரிவுச் சேரிகளுக்கு அந்த நகரம் கம்பிவட ஊர்தி விட்டது. நகரின் அழகான நூலகங்களைக் கொண்டுபோய் ஏழைகளின் பகுதியிலே கட்டியது. கொலைகள் குறைந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயுதக் குழுக்களின் கலைப்பு உண்டு, கூட்டங்களுக்குள் நடந்த உடன்பாடு உண்டு. அவற்றை மறைத்துப் பேசினால் நானும் ஒரு வகையில் ஏமாற்றுக்காரன். ஆயினும், 'உன் தெரு இந்நகரத்தின் தெரு' என்று ஓர் ஆட்சி சேரியைப் பார்த்துச் சொன்னது அங்கே நடந்தது.

வெளிநாட்டுக் கதை வேண்டாமா? திருச்சிக்கு வாருங்கள். 1999இல் அங்கே காவல் ஆணையராக வந்த ஜே.கே. திரிபாதி, பின்னாளில் மாநிலக் காவல்துறைத் தலைவரானவர், நகரைச் சிறுசிறு சுற்றுகளாகப் பிரித்து, ஒவ்வொரு சுற்றுக்கும் அதே காவலர்களைத் தொடர்ந்து நிறுத்தினார். காவலரின் பெயர் தெருவுக்குத் தெரியும். தெருவின் துயரம் காவலருக்குத் தெரியும். நிலையத்துக்கு வர அஞ்சுவோருக்குப் புகார்ப் பெட்டி. குடிசைப் பகுதிகளைத் தத்தெடுத்து, வேலை, படிப்பு என்று கவனித்தார்கள். மதக்கலவரத்தின் சூடு ஆறாதிருந்த ஊரிலே அது பலனளித்தது. மராட்டியத்துப் பிவண்டியிலே, 1984இல் இரத்தம் கண்ட ஊரிலே, சுரேஷ் கோப்டே என்ற காவல் அதிகாரி 1988 முதல் மொகல்லாக் குழுக்களை அமைத்தார். இந்துவும் முஸ்லிமும் ஒரே பாயில் அமர்ந்து பேசினர். 1992-93இல் பக்கத்துப் பம்பாய் பற்றி எரிந்தபோது பிவண்டி எரியவில்லை.

அப்படியென்றால் நம்மிடம் இருந்த 'போலீஸ் நண்பர்கள்' இயக்கம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. 1993இல் இராமநாதபுரத்திலே பிரதீப் பிலிப் என்ற அதிகாரி நல்லெண்ணத்தோடு தொடங்கியது அது, மாநிலமெங்கும் பரவியது. ஆனால், சாத்தான்குளத்துக் கொடுமையை ஒட்டி அந்நண்பர்கள்மீதும் குற்றச்சாட்டு எழுந்து, 2020 ஜூலையில் தமிழக அரசு அதற்குத் தடைவிதித்தது. காவலரின் பக்கத்திலே நின்று தடியைத் தாங்கும் குடிமகன், சில காலத்தில் குட்டிக் காவலர் ஆகிவிடுகிறான். காவலருக்கு எதிரே அமர்ந்து, 'ஐயா, போன மாதம் நாங்கள் கொடுத்த புகார் என்ன ஆயிற்று?' என்று கேட்கும் குடிமகனே ஊருக்குத் தேவை. திருச்சியிலும் பிவண்டியிலும்கூட எல்லாம் ஓர் அதிகாரியின் நல்ல மனத்தைச் சார்ந்திருந்தது. அதிகாரி மாற்றலாகிப் போனால் நல்ல மனமும் மாற்றலாகிப் போகும். நகரமன்றம் மாற்றலாகிப் போகாது! தேர்தலிலே தோற்றாலும் அடுத்த தெருவில்தான் குடியிருக்க வேண்டும்.

இங்கேதான் நம்மவர்களைக் கேட்கிறேன். 2022 பிப்ரவரி 19ஆம் நாள் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலிலே நம் கொடியேந்தி, வீடு வீடாய் வாக்குக் கேட்டு வென்றவர்கள் எத்தனை பேர்! அதே ஆண்டு நகர்ப்புறங்களுக்கு வார்டுக் குழு, பகுதி சபை என்ற அமைப்புகளுக்கு விதிகள் வந்தன. நவம்பர் 1ஆம் நாள் மாநிலமெங்கும் முதன்முறையாகக் கூடினார்கள். கிராம சபை சிற்றூருக்கு எப்படியோ, அப்படிப் பேட்டைக்குப் பகுதி சபை. அந்தச் சபைகளிலே நாம் என்ன பேசினோம்? குடிநீர் பேசினோம், குப்பை பேசினோம், சாக்கடை பேசினோம். வேண்டியவையே. அந்த ஏழைத்தாயின் அச்சத்தைப் பேசினோமா?

'அதிகாரம் இல்லையே' என்று மீண்டும் சொல்லாதீர்கள். காவலரை மாற்ற அதிகாரம் இல்லை. ஒப்புக்கொள்கிறேன், அது இருக்க வேண்டும் என்று நாம் கோட்டையிலே வாதாடுவோம், கோட்டையில் எந்தக் கொடி பறந்தாலும் வாதாடுவோம். ஆனால், எந்தெந்தத் தெருவில் எந்தெந்த விளக்கு எத்தனை நாளாய் எரியவில்லை என்று எழுதிவைக்க எந்த அதிகாரம் வேண்டும்? உப்பளத்துக்கும் கொடிக்காலுக்கும் போகும் பாதைகளுக்கு முதலில் விளக்கு, கடைத்தெருவுக்குப் பிறகு என்று வரிசையை மாற்ற எவர் ஒப்புதல் வேண்டும்? பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் புதர் மண்டிக் கிடக்கிறது. வெட்ட உங்கள் கையில் ஆள் இருக்கிறது. பொதுக் கழிப்பிடத்துக்குக் கதவும் விளக்கும் இல்லாததால் ஒரு பெண் இருளிலே ஆற்றங்கரைக்குப் போகிறாள். அந்தக் கதவு காவல்துறையின் கதவன்று, உங்கள் கதவு!

இளைஞர்களைப் பற்றியும் ஒரு சொல். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியிலே, உடன் படித்த மாணவர்களே ஒரு மாணவனின் வீடு புகுந்து அவனையும் அவன் தங்கையையும் வெட்டினார்கள். சாதி வெறி பள்ளிப் பையிலே அரிவாளைச் செருகிய நாள். நீதிபதி சந்துரு தலைமையிலான ஒருநபர்க் குழு ஆராய்ந்து 2024இல் அறிக்கை தந்தது. கையிலே கட்டும் வண்ணக் கயிறு வரையில் அதிலே பேசப்பட்டது. அந்தப் பையனின் மாலை நேரம் யாருடையது? பள்ளி விட்டபின் அவன் போக நகராட்சியின் விளையாட்டுத் திடல் இருக்கிறதா, நூலகம் ஆறு மணிக்குப் பூட்டப்படுகிறதா, அல்லது சாதிச் சங்கத்துப் பதாகையின் கீழேதான் அவனுக்கு இடம் கிடைக்கிறதா? திடல் நகரமன்றத்தின் பொறுப்பு. கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு தெருவே இன்னொரு தெருவை முறைக்கும் ஊரிலே, இரண்டு தெருப் பிள்ளைகளும் ஒரே பந்தை உதைக்க ஓர் இடம் வேண்டும். கேலியாகத் தோன்றலாம். கொலை வழக்குக்கு ஆகும் செலவிலே எத்தனை திடல் அமைக்கலாம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர் கேலி செய்யமாட்டார்.

மதுரைக்காஞ்சியைப் படித்தவர்கள் அறிவார்கள், அன்றைய மதுரையிலே ஊர்காப்பாளர் மழை பெய்து ஓய்ந்த நள்ளிரவிலும் தளராமல் தெருச் சுற்றினார்கள். ஊர்காப்பாளர்! ஊரைக் காப்பவர். சோழர் காலத்துக் கல்வெட்டுகளிலே பாடிகாவல் என்றொரு வரி உண்டு. ஊர்க்காவலுக்காகக் குடிகள் தந்தது. நெல்லைச் சீமையிலே பாளையக்காரர் காலத்தில் திசைக்காவல் இருந்தது. களவு போன பொருளை மீட்டுத் தராவிட்டால் காவல்காரன் ஈடு கொடுக்க வேண்டும் என்பது முறை. பழம்பெருமை பாட இதைச் சொல்லவில்லை. அந்தக் காவல்காரனே, கூலி தராத ஊரிலே களவுக்கு வழிவிட்டதும் நம் வரலாறுதான். இன்று கடைத்தெருவில் மாமூல் கேட்பவனுக்கு அவன் முப்பாட்டன். ஆனால், 'களவு போயிற்றா, காவலனே பதில் சொல்' என்ற அந்த முறை இருக்கிறதே, அதை மட்டும் நாம் எப்படி இழந்தோம்?

ஆத்தூர்த் தோழர்களுக்கு, அதன் வழியே எல்லாப் பேரூர்த் தோழர்களுக்கும், ஒரு வேலை தருகிறேன். வரும் ஞாயிறு அதிகாலை நான்கு மணிக்கு, இருவர் இருவராய், உங்கள் பகுதியின் தெருக்களிலே நடந்து வாருங்கள். கூட்டமாகப் போகாதீர்கள், கொடி பிடிக்காதீர்கள்; பெண் தோழர்களில்லாமல் போகாதீர்கள், ஏனெனில் எந்த இடத்தில் கால் வேகமாகிறது என்று அவர்களுக்கே தெரியும். எரியாத விளக்குக்கெல்லாம் கம்பத்தின் எண்ணைக் குறியுங்கள். அதைப் பேரூராட்சி அலுவலகத்திலே கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். பதில் வராவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது, பத்து ரூபாய் இருக்கிறது. அடுத்த பகுதி சபைக்குக் காவல் ஆய்வாளரை வரும்படி உறுப்பினரைக் கொண்டே கடிதம் எழுதச் செய்யுங்கள். வந்தால், மரியாதையோடு நாற்காலி போடுங்கள். போன மூன்று மாதத்திலே வந்த புகார் எத்தனை, பதிந்தது எத்தனை, நிலையத்துக் காமிராவின் பதிவு எத்தனை நாள் இருக்கும் என்று மூன்றே கேள்வி கேளுங்கள். வராவிட்டால், வரவில்லை என்பதை நிகழ்ச்சிக் குறிப்பேட்டிலே எழுதச் சொல்லுங்கள்.

எழுத மறுக்கும் உறுப்பினர் நம் கட்சிக்காரராக இருந்தால், அவர் பெயரையும் வார்டு எண்ணையும் இந்த அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அடுத்த ஞாயிறு இதே இடத்தில் அச்சிடுகிறேன்.